கனரக வண்டி ஓட்டுநருக்கு வயது வரம்பா, மறுதேர்வா? (எனக்கு 59, அடுத்த மாதம் ரெனியூவல்)

டபுள்கிளட்ச்:

வணக்கம் நண்பர்களே. வயது 59. முப்பத்து நாலு வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறேன், அதில் கடைசி 16 வருடம் டிரெய்லர். பெரிய விபத்து எதுவும் என் கையால் நடந்ததில்லை. அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட நினைக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் இரவு லோடு. மழை விட்டிருந்தது, தார் ரோடு ஈரமாகவே இருந்தது. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே ஒருவன் ஹைபீமைக் குறைக்காமலே வந்தான். அது புதிதில்லை, இத்தனை வருடமாகப் பார்ப்பதுதான். ஆனால் அவன் கடந்து போன பிறகும் ஓரத்து வெள்ளைக் கோடு எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சொல்லி முடித்த பிறகுதான் கோடு தெரிந்தது. அப்போது வேகம் 60. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். மூன்று நொடிக்கு 50 மீட்டர். அந்த 50 மீட்டருக்குள் ஒரு சைக்கிள்காரர் போயிருந்தால்?

போன தடவை மருத்துவச் சான்று வாங்கப் போனபோது டாக்டர் "கண் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பரிசோதனை அவ்வளவுதான். இந்தத் தடவையும் அப்படியே வாங்கிவிட முடியும். வாங்கலாமா?

பொதுவாகவும் கேட்கிறேன். இந்த வேலைக்கு இத்தனை வயதோடு சரி என்று ஒரு கோடு போடவேண்டுமா? இல்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாரையும் திரும்பச் சோதிக்கவேண்டுமா? என் பிழைப்பு இதில் இருப்பதால் எனக்கு நேராக யோசிக்க வரவில்லை.

விழித்திரை:

ஐயா, பொதுக்கேள்வி அப்புறம் இருக்கட்டும். கண்ணைக் காட்டும்வரை இரவு ஓட்டாதீர்கள். கண் பரிசோதனைதான் என் வேலை, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் எண்ணிய அந்த மூன்று நொடிக்குக் காரணம் இருக்கிறது. வயது ஏற ஏற இருட்டில் கண்மணி முன்புபோல் விரிவதில்லை. உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துத் தடிக்கிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதோடு கண்புரை தொடங்கியிருந்தால் எதிர் விளக்கின் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறிப் பரவும், மழை ஒட்டிய கண்ணாடியில் ஹெட்லைட் பரவுகிற மாதிரி. கூச்சத்திலிருந்து மீளும் நேரமும் நீளும்.

என் வருத்தம் இதுதான்: லைசென்ஸுக்காகச் செய்யும் சோதனையில் இது எதுவும் தெரியாது. நல்ல வெளிச்சமுள்ள அறை, வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்று எழுத்து. ஆரம்பக் கண்புரை உள்ளவர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். பெல்லி-ராப்சன் என்று வேறொரு அட்டை இருக்கிறது. எல்லா எழுத்தும் ஒரே பெரிய அளவு, ஆனால் கீழே போகப் போக மங்கிக்கொண்டே போகும். கடைசியில் வெள்ளையில் வெள்ளையாகிவிடும். ஈரச் சாலையில் சாம்பல் சட்டை போட்டு நடப்பவர் தெரிவாரா என்பதை அந்த அட்டை காட்டும். சாதாரண எழுத்துப் பலகையில் அது தெரியவராது.

பக்கப் பார்வையும் முக்கியம். பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுகிறவருக்குக் கிடைமட்டமாகக் குறைந்தது 160 டிகிரி பார்வைப் பரப்பு இருக்கவேண்டும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) வந்தவருக்கு அது ஓரத்திலிருந்து கரையும். அவருக்கே தெரியாது, ஏனென்றால் இல்லாத இடத்தை மூளை தானே நிரப்பிவிடும். வலியும் இருக்காது. "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று அவர் மனதாரச் சொல்வார்.

ஜப்பானில் ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். பெரிய வண்டிகளுக்கும் பஸ், டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் ஆழப் பார்வை பார்க்கிறார்கள். இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு பெட்டிக்குள் மூன்று கம்பி. ஓரத்து இரண்டும் அசையாது, நடுக் கம்பி முன்னும் பின்னும் போய் வரும். மூன்றும் ஒரே வரிசையில் நிற்கிறது என்று தோன்றும் நொடியில் பொத்தானை அழுத்தவேண்டும். மூன்று தடவை. சராசரிப் பிழை இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் டாக்டர் கேட்ட கேள்வியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாலுவண்டி:

நான் முதலாளி பக்கம், மறைக்கவில்லை. நாலு லாரி, ஐந்து டிரைவர். அதில் மூன்று பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வயது வரம்பு என்று ஒன்று வந்தால் முதலில் வெளியே போவது என்னுடைய ஆகச் சிறந்த மூன்று பேர். அவர்கள் கையில் கிளட்ச் பிளேட் நீண்ட நாள் உழைக்கிறது. இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் கியரிலேயே வண்டியை இறக்குவார்கள். டயர் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தே யார் ஓட்டியது என்று சொல்லிவிடுவேன்.

மறுதேர்வு என்கிறீர்கள். சரி, செலவு யாருடையது? ஒரு நாள் வண்டி நிற்கும், அந்தக் கூலி யாருடையது? தேர்வில் ஒருவர் தேறவில்லை என்றால் மறுநாள் காலையில் அவர் என் முன்னால் வந்து நிற்பார். நான் என்ன சொல்வது? சட்டம் போடுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வருவதில்லை.

இருபத்திரண்டு:

பெயரே என் வயதுதான். பெரியவர்களைச் சோதிக்கவேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். நான் ஒரு தடவை தேர்வு எழுதினேன், ஒரு தடவை மைதானத்தில் ஓட்டிக் காட்டினேன். அன்றைக்கு அந்த வண்டியில் லோடே இல்லை. அடுத்த வாரம் நிறை லோடோடு தனியாக அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. டிரெய்லரை வளைத்து ரிவர்ஸ் எடுப்பது எனக்கு இன்றைக்கும் சரியாக வரவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என்னையும் சோதியுங்கள். எனக்கு அது வேண்டும்.

பின்னோக்கி:

தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபது வருடமாகக் கனரக ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறேன். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களை ரோட்டில் உட்கார்த்தி மதிப்பிடுவதும் என் வேலையில் பாதி.

வயதானவர் கை நடுங்கி எதையாவது இடிப்பார் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஐம்பத்தைந்து வயதுக்காரர் என்னோடு வந்தால் முதல் அரை மணி நேரம் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. முன் வண்டியோடு இடைவெளி விடுவார், பள்ளத்தைத் தூரத்திலேயே பார்ப்பார், சிக்னல் மாறப்போவதை உணர்ந்து முன்கூட்டியே காலை எடுப்பார். அனுபவத்தால் ஈடுகட்டுகிறார். அது தேறுவதற்காகப் போடும் வேஷம் இல்லை, அதுதான் அவருடைய திறமை.

ஆனால் நான் அவரை ஒரு பெரிய சந்திப்புக்குக் கூட்டிப்போவேன். எதிர்த்திசை வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்பவேண்டிய இடம். எதிரே வருகிறவனின் வேகம், குறுக்கே நடப்பவர், சிக்னல், பின்னால் டிரெய்லரின் வால், எல்லாம் ஒரே நேரத்தில். வயது காட்டிக்கொடுப்பது அங்கேதான். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். நாலையும் சேர்த்துப் பார்க்க நேரம் பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதம் என்றால் 11 மீட்டர். ஒரு லாரியின் நீளம் அது.

அப்புறம் கழுத்து. இதை யாரும் பேசுவதில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டுவார். நான் சீட்டில் உட்கார்ந்து அவர் கண்ணாடியைப் பார்க்கும் தடவைகளைப் பேனாவால் கோடு போட்டு எண்ணுவேன். இடது பக்கக் கோடுகள் நிறைய, வலது பக்கம் மூன்றே மூன்று என்று வந்தால் பேச்சுக் கொடுப்பேன்: "அண்ணே, எந்தப் பக்கம் தூங்கி எழுந்தீங்க?" சிரித்துக்கொண்டே கழுத்தைப் பிடிப்பார். உடற்பயிற்சியும் கூடுதல் கண்ணாடியும் கொடுத்தால் பல பேருக்கு அது சரியாகிவிடுகிறது. லைசென்ஸைப் பிடுங்கவேண்டியதில்லை.

இருபத்து மூன்று வயதுக்காரருக்குக் கழுத்து நன்றாகத் திரும்பும், கால் மின்னலாகப் போகும். ஆனால் பார்க்கவேண்டியதைப் பார்க்கமாட்டார். நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் வரலாம் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. கிலோமீட்டர் கணக்கில் விபத்தைப் பார்த்தால் இளையவர்களிடம் உச்சம், நடுவயதில் தாழ்வு, மிக முதிய வயதில் மறுபடி ஏற்றம் என்று எத்தனையோ நாடுகளில் ஒரே மாதிரி வருவது இதனால்தான். வயதானவர்களை மட்டும் சோதிக்கிற முறை அந்தக் கோட்டின் ஒரு முனையை விட்டுவிடுகிறது.

அகலச்சாலை:

போக்குவரத்துப் பாதுகாப்பில் வேலை செய்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபடுகின்றன என்று கொஞ்சம் சொல்லலாம், பிறகு என் சந்தேகத்தையும்.

பிரிட்டனில் லாரி, பஸ் லைசென்ஸுக்கு 45 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை. 65ஐத் தாண்டினால் வருடாவருடம். மேல் வரம்பு கிடையாது. அமெரிக்காவில் வயதையே பார்ப்பதில்லை. எல்லாருக்கும் அதிகபட்சம் இரண்டு வருடச் சான்றுதான், உடம்பு எப்படியோ அதற்கேற்பக் காலம் சுருங்கும். பிரஷர் 140/90க்குள் இருந்தால் இரண்டு வருடம். அதைத் தாண்டி, 160ஐ எட்டாமல் இருந்தால் ஒரு வருடம். 180/110 என்றால் குறையும்வரை ஓட்டக்கூடாது. இந்தப் படிப்படியான முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. கீழ் வயதிலும் அங்கே கவனம் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட 21 ஆகியிருக்கவேண்டும். 18 முதல் 20 வரை உள்ளவர்களுக்காக 2022இல் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார்கள். அதில் முதலில் 120 மணி நேரம், பிறகு 280 மணி நேரம், அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். தம்பி இருபத்திரண்டு, நீங்கள் கேட்பது இதைத்தான்.

இந்தியாவில் 2019 சட்டத் திருத்தத்தில் போக்குவரத்து வாகன லைசென்ஸின் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். ஓட்டுநருக்கு அலைச்சல் மிச்சம், உண்மைதான். ஆனால் ஐம்பதுக்கு மேல் உள்ள கண்ணுக்கு ஐந்து வருடம் என்பது நீண்ட காலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை ஓட்டுநர் ஐந்து வருடத்துக்கு 35 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 35 மணி நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தால் போதும், முடிவில் தேர்வு கிடையாது. பயிற்சி நல்லதுதான். அதை மறுதேர்வு என்று எண்ணிவிடக்கூடாது.

இப்போது சந்தேகம். சோதனை வைத்தாலே விபத்து குறையும் என்று நான் நம்பவில்லை. பின்லாந்தில் 70 வயதில் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சோதனை கட்டாயமாக இருந்தது, பக்கத்து ஸ்வீடனில் இல்லை. 1996இல் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. முதிய கார் ஓட்டுநர்களின் விபத்தில் பின்லாந்துக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. மாறாக அங்கே முதியவர்கள் நடந்து போகும்போது இறப்பது அதிகமாக இருந்தது. காரை விட்டவர்கள் நடந்தார்கள். இது சொந்தக் கார் ஓட்டுகிறவர்களைப் பற்றியது, 40 டன் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் மேலோட்டமான ஒரு சோதனையைச் சட்டமாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது என்பதற்கு அது போதும்.

நாலுவண்டி:

அகலச்சாலை சார், சோதனை பயனில்லை என்றால் எதற்கு இத்தனை பேச்சு? வேலை நேரத்தைப் பாருங்கள். இருபத்தைந்து வயதுக்காரனையும் பதினெட்டு மணி நேரம் ஓட்டவிட்டால் அவன் கண்ணும் ஐம்பத்தொன்பதுதான்.

அகலச்சாலை:

அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் குடித்து ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். வயதும் களைப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு பஸ் சூப்பர்மார்க்கெட்டுக்குள் பாய்ந்தது. பஸ்ஸில் இருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும், நடந்து போன 76 வயது மூதாட்டி ஒருவரும் இறந்தார்கள். ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார். அவருக்கு வயது 77. முந்தைய வாரங்களில் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் வேலை. அவர் ஓட்டும் விதத்தைப் பற்றி நிறுவனத்துக்கு முன்பே எச்சரிக்கைகள் போயிருந்தன. 2018இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 23 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

65க்கு மேல் வருடாவருடம் மருத்துவச் சோதனை கட்டாயமாக உள்ள நாட்டில் நடந்தது இது. என்ன குறைந்தது? "இவர் ஓட்டுவது சரியில்லை" என்ற தகவல் ஓரிடத்தில் இருந்தது. அவரை சீட்டிலிருந்து இறக்கும் அதிகாரமும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆள் தேவை என்பதால் இறக்கவில்லை. அதனால்தான் நான் முதலாளியையும் ஓட்டுநரையும் சாராத ஒருவர் ரோட்டில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்கிறேன். பின்னோக்கி செய்கிற மாதிரி.

ஏழாம்தடம்:

நான் வண்டி ஓட்டுகிறவள் இல்லை. என் அப்பா பஸ் ஓட்டினார். இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஐம்பத்து நாலில் சர்க்கரை வந்தது. மாத்திரை, பிறகு ஊசி. வேலை செய்யும் இடத்தில் சொல்லவில்லை. ஊசி போடுகிறவரை ஓட்டவிடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை அவர் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தாலே தெரிந்துவிடும் என்ற பயம். யூனிஃபார்ம் துவைக்கும்போது பாக்கெட்டில் குளுக்கோஸ் பொட்டலம் கிடைக்கும். எல்லாப் பாக்கெட்டிலும். நான் கேட்டால் "வாய் காய்ந்து போகுது" என்பார்.

ஒரு நாள் மதியம் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் பஸ்ஸை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக ஓட்டிய தடம். சட்டை முழுக்க வியர்வை. கண்டக்டர் அவரைக் கீழே இறக்கி உட்கார வைத்து, பாக்கெட்டில் இருந்ததையே எடுத்து வாயில் போட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் தெளிந்தது. இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை. எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அதற்கு முன்னும் பின்னும் நடந்த எல்லா மருத்துவச் சோதனையிலும் அப்பா தேறினார். சோதனைக்குப் போகும் காலையில் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரை நான் குற்றம் சொல்லத் தயாரில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த பஸ்ஸில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள், அதையும் மறக்க முடியவில்லை.

சோதனையை எவ்வளவு கடுமையாக்கினாலும் சரி, தேறாதவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அப்பா மாதிரி ஆட்கள் மறைக்கத்தான் செய்வார்கள்.

விழித்திரை:

சகோதரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தகவல், யாருக்காவது உதவும். இன்சுலின் என்றாலே வண்டி கிடையாது என்பது இன்று பல நாடுகளில் உண்மையில்லை. பிரிட்டனில் நிபந்தனைகளோடு லாரி, பஸ் ஓட்டலாம். அமெரிக்காவில் 2018இல் விதியை மாற்றினார்கள். நிலையாக வைத்திருக்கிறார் என்று சிகிச்சை தரும் மருத்துவர் உறுதி சொன்னால் சான்று கிடைக்கும். பிரிட்டிஷ் ஓட்டுநர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு: சர்க்கரை அளவு 5க்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடாதே. நம் மீட்டர் கணக்கில் அது 90. ஓட்டத் தொடங்கும் முன் பார்க்கவேண்டும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். உங்கள் அப்பாவிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் அவர் மறைக்கவேண்டிய தேவையே வந்திருக்காது.

அகலச்சாலை:

ஏழாம்தடம் எழுதியதற்குப் பிறகு என் முந்தைய பதிவில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிகிறது. வெளியாள் வந்து பார்க்கவேண்டும் என்றேன். வெளியாளுக்கும் மறைக்கலாம்.

2014 டிசம்பர் 22, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. குப்பை அள்ளும் லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கில் நினைவிழந்தார். 19 நொடி வண்டி தானாக ஓடியது. ஆறு பேர் இறந்தார்கள். அவருக்கு அறுபது கூட ஆகவில்லை, வயது வரம்பு இருந்திருந்தாலும் அவரைப் பிடித்திருக்காது. 2010இல் வேறொரு நிறுவனத்தில் பஸ் ஓட்டியபோதே ஒருமுறை சீட்டில் மயங்கியிருக்கிறார். அதை லைசென்ஸ் அலுவலகத்திடமும் புதிய வேலையிடத்திலும் மறைத்தார் என்று விசாரணை கண்டறிந்தது. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

விமானிகளைப் பாருங்கள். பன்னாட்டுப் பயணிகள் விமானத்தில் வயது உச்சவரம்பு 65. அறுபதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பத் தேர்வு. இவ்வளவு கடுமையை அவர்களால் தாங்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. உடல்நிலையால் லைசென்ஸ் போனால் பணம் தரும் காப்பீடு விமானிகளிடையே பல காலமாக இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

பின்னோக்கி:

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி இரண்டு இடங்களில் மதிப்பீடு செய்கிறேன். ஓரிடத்தில், தேறாதவருக்கு யார்டிலேயே வேலை உண்டு: வண்டி புறப்படும் முன் சோதிப்பது, லோடு கட்டுவதை மேற்பார்ப்பது, புதியவர்களோடு பக்கத்தில் உட்கார்வது. சம்பளம் கொஞ்சம் குறையும். அங்கே ஓட்டுநர்கள் கதவைத் திறந்ததுமே என்னிடம் சொல்வார்கள்: "சார், எனக்கு இரவில் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, பாருங்க." இன்னோரிடத்தில் தேறவில்லை என்றால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் வாயே திறப்பதில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வந்த ஆளைக்கூடப் பார்த்தேன். அதே தேர்வுத் தாள், அதே நான், அதே சீட்டு.

என் கருத்தைக் கேட்டால்: வேலைக்குச் சேர்ந்த முதல் வருட முடிவில் ஒரு ரோடு மதிப்பீடு. பிறகு எல்லா வயதிலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஐம்பதுக்கு மேல் கண்ணும் சர்க்கரையும் பிரஷரும் வருடாவருடம். செலவு முதலாளியுடையது, அந்த நாள் சம்பளத்தோடு. முடிவு தேறினார், தேறவில்லை என்று இரண்டோடு நிற்கக்கூடாது. பகல் மட்டும், டிரெய்லர் இல்லாமல், குறுகிய தூரம் என்று நடுவிலும் படிகள் வேண்டும். மேல் வயது வரம்பு எனக்குத் தேவையில்லை. 64 வயதில் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாலுவண்டி:

பின்னோக்கி சார், அந்த முதல் இடத்தைப் போல யார்டு வைத்துக்கொள்ள என்னால் முடியாது. என் வண்டிகள் நிற்பதே வாடகை இடத்தில்தான். ஆனால் நேற்று இரவு யோசித்தேன். என்னைப் போலப் பத்து பேர் சேர்ந்தால் நாற்பது வண்டி. நாற்பது வண்டிக்கு, புறப்படும் முன் சோதிக்க ஒரு ஆள் தேவைதான். புதுப் பையன்களோடு உட்காரவும் ஒரு ஆள் தேவை. இருபத்திரண்டு தம்பி எழுதியது மனதில் நிற்கிறது, ஏனென்றால் நானும் அப்படி ஒரு பையனை நிறை லோடோடு அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. என் மூன்று பேரை இந்த மாதம் கண்ணுக்குக் கூட்டிப்போகிறேன், அது என் கையில் இருக்கிறது. மங்கும் எழுத்து அட்டை இருக்கிறதா என்று கேட்டுத்தானே போகவேண்டும், விழித்திரை?

விழித்திரை:

ஆமாம். "கான்ட்ராஸ்ட் பாருங்கள்" என்று சொன்னால் புரியும். பார்வைப் பரப்பும் கண் அழுத்தமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள், அன்றைக்கு யாரும் வண்டி ஓட்டித் திரும்பக்கூடாது.

டபுள்கிளட்ச்:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், சில பதிவுகளை இரண்டு தடவை.

கண்ணைக் காட்டிவிட்டேன். சாதாரணப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்தேன், அவரே "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அந்த மங்கும் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தபோது பாதி அட்டைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம். அதில் எழுத்து இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இடது கண்ணைத் திறந்ததும் இன்னும் இரண்டு வரி வந்தது. வலது கண்ணில் புரை. அறுவை செய்தால் சரியாகும் என்கிறார். பக்கப் பார்வை இரண்டிலும் நன்றாக இருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஏழாம்தடம் மகள் எழுதியது இல்லையென்றால் சொல்லியிருக்கமாட்டேன், அம்மா. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்கிற வரைக்கும் பகல் டியூட்டி, பக்கத்து டிரிப் மட்டும் என்றார். இரவுப் படி போய்விடும், அது வீட்டுக்குச் சிரமம்தான். ஆனால் நேற்றிரவு மழை பெய்தபோது நான் வீட்டில் இருந்தேன்.

மருத்துவச் சான்றுப் படிவம் இன்னும் நிரப்பாமல் பையில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு வேறு டாக்டரிடம் போகிறேன், பலகை வைத்துப் பார்க்கிறவரிடம்.

தம்பி இருபத்திரண்டு, டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறாயோ அந்தப் பக்கம்தான் டிரெய்லரின் வால் போகும். வால் கண்ணாடியில் காணாமல் போகும்வரை காத்திருக்காதே. ஓர் அடி வெளியே தெரியும்போதே திருத்து. தப்பாகப் போனால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்கு, யாரும் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். மீதியை நேரில்தான் காட்டமுடியும். பகலில் எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. தனிச்செய்தி போட்டிருக்கிறேன், பார்.